செயின் பிளாக், ஜாக்கி, கிணத்து விஞ்ச்: எவ்ளோ இழுத்தா எவ்ளோ தூக்கும்னு கணக்கு போடுறது எப்படி

நான் கிருஷ்ணகிரி பக்கத்துல ஒரு கிரானைட் பாலிஷ் யூனிட்ல மெயின்டெனன்ஸ் பாக்குறேன், டிப்ளமோ மெக்கானிக்கல் படிச்சவன். பக்கத்து வீட்டு பொண்ணு பாலிடெக்னிக்ல படிக்குது, போன மாசம் நோட்ட தூக்கிட்டு வந்து "அண்ணா, லிஃப்டிங் மெஷின் சாப்டர்ல எல்லா ஃபார்முலாவும் மனப்பாடமா தெரியுது, ஆனா கேள்விய லேசா மாத்திட்டா எத எதால வகுக்கணும்னே தெரில"ன்னுச்சு. நோட்ட பாத்தா ஒரு பக்கம் முழுக்க ஃபார்முலா, வரிசையா, ஒண்ணுக்கு கீழ ஒண்ணு, ஒரு படம் கூட இல்ல. அந்த ஞாயித்துக்கிழமை அதையும் அவங்க அப்பாவையும் யூனிட்டுக்கு வரச் சொல்லி ஒரு டன் செயின் பிளாக் (கைச்செயின இழுத்தா கொக்கியில மாட்டின சுமை ஏறுற மெஷின்) முன்னாடி நிக்க வச்சு ரெண்டு மணி நேரம் அளந்து பாத்தோம், அதுக்கப்புறம் அந்த பக்கத்த அது திரும்ப படிக்கவே இல்ல, தேவையும் படல. அன்னிக்கு செஞ்சத தான் இங்க எழுதுறேன், படிக்கிற பசங்களுக்கும் ஆகும், கிணத்துல மோட்டர் தூக்குறவங்களுக்கும் ஆகும்.

முதல்ல ரெண்டே ரெண்டு பேர் வச்சுக்கோங்க. மெஷின் தூக்குற சுமைக்கு எடைன்னு பேரு, நாம கையால குடுக்குற பலத்துக்கு இழுப்புன்னு பேரு. எடைய இழுப்பால வகுத்தா வர்றது தான் எம்ஏ, அதாவது மெக்கானிக்கல் அட்வான்டேஜ், ஸ்கூல் புக்ல இயந்திர லாபம்னு போட்டிருக்கும். 10 கிலோ இழுத்து 200 கிலோ தூக்குனா எம்ஏ 20. அடுத்தது விஆர், வெலாசிட்டி ரேஷியோ, இதுல எடையும் கிடையாது பலமும் கிடையாது, வெறும் தூரம் தான்: கை எவ்ளோ தூரம் இழுத்துச்சு, சுமை எவ்ளோ தூரம் ஏறுச்சு, முதலாவத ரெண்டாவதால வகுக்கணும், அவ்ளோ தான். மூணாவது எஃபிஷியன்சி, அது எம்ஏவ விஆரால வகுத்து நூறால பெருக்குனா வந்துரும். ஏன் அப்படின்னா, நாம போட்ட வேலை இழுப்பு × கை போன தூரம், மெஷின் திருப்பிக் குடுத்த வேலை எடை × சுமை ஏறுன தூரம், ரெண்டாவதா சொன்னத முதல்ல சொன்னதால வகுத்துப் பாருங்க, தானா எம்ஏ ÷ விஆர்னு வந்து நிக்கும். இத ஒரு தடவ நீங்களே பேப்பர்ல எழுதிப் பாத்துட்டா அப்புறம் தலைகீழா வகுக்குற தப்பு வரவே வராது.

இதுல ஒரு விஷயத்த நல்லா புடிச்சுக்கணும். விஆர் மெஷினோட உடம்புல இருக்குறது, பல்லு எத்தன, டிரம் எவ்ளோ பெருசு, ஹேண்டில் எவ்ளோ நீளம், இத வச்சு வர்றது, துரு புடிச்சாலும் மாறாது, புதுசா இருந்தாலும் மாறாது, 50 கிலோ மாட்டினாலும் 500 கிலோ மாட்டினாலும் அதே தான். எம்ஏ அப்படி இல்ல, உரசல் எவ்ளோ இருக்கோ அதுக்கு ஏத்த மாதிரி மாறும், எடைக்கு ஏத்த மாதிரியும் மாறும். அதனால விஆர ஒரு தடவ அளந்தா போதும், எம்ஏவ ஒவ்வொரு எடைக்கும் தனித்தனியா அளக்கணும்.

செயின் பிளாக்ல விஆர் அளக்க நாங்க செஞ்சது ரொம்ப சுலபம். கைச்செயின் ஒரு முடியாத வளையம் இல்லையா, அதுல ஒரு கண்ணியில சிவப்பு துணி கட்டிட்டு வளையத்தோட மொத்த நீளத்த டேப்ல அளந்தோம், 6 மீட்டர். கொக்கியில லேசா ஒரு சுமை மாட்டி அது இருக்குற எடத்த பக்கத்து தூண்ல சாக்பீஸ்ல கோடு போட்டுட்டு, கைச்செயின இழுக்க இழுக்க துணி எத்தன தடவ சுத்தி வருதுன்னு அந்த பொண்ணு எண்ணுச்சு, 7 சுத்து முடிஞ்சப்ப கொக்கி சரியா 1 மீட்டர் ஏறி இருந்துச்சு. 7 × 6 = 42 மீட்டர் இழுத்து 1 மீட்டர் ஏறுச்சு, விஆர் 42. உள்ள எத்தன கியர் இருக்கு எத்தன பல்லு இருக்குன்னு யாருக்கும் தெரிய வேண்டிய அவசியமே இல்ல, மூடிய கழட்டவும் வேணாம். எந்த மெஷினா இருந்தாலும் இந்த வழி செல்லும், ஃபார்முலா மறந்து போன அன்னைக்கு இது தான் கை குடுக்கும்.

அப்புறம் எடை. எடைய எங்க போய் தேடுறதுன்னு கேப்பாங்க, சிமெண்ட் மூட்டைய விட நல்ல படிக்கல்லு கிடையாது, ஒரு மூட்டை 50 கிலோ, ரெண்டு மூட்டை சேத்து பெல்ட் போட்டா 100. நம்ம ஊர்ல இன்னொரு வழியும் இருக்கு, கிரானைட் ஒரு கன மீட்டர் சுமாரா 2.7 டன் வரும், அப்ப 2 செமீ ஸ்லாப் சதுர மீட்டருக்கு 54 கிலோ, 3 மீட்டருக்கு 1.8 மீட்டர் ஸ்லாப்னா 5.4 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 292 கிலோ. தராசே இல்லாம சுமையோட எடை தெரிஞ்சு போச்சு. ஆனா படிக்கிறவங்க மூட்டையிலயே செய்ங்க, ஸ்லாப் கிளாம்ப் வச்சு தூக்குறது பழகுன ஆளுங்க வேலை.

இழுப்ப அளக்க புளி, மாங்கா எடை போட தொங்க விடுற டிஜிட்டல் தராசு இருக்கே, 50 கிலோ வரைக்கும் காட்டுறது, அது போதும். கைச்செயின் கண்ணியில கொக்கிய மாட்டி, சைபர் பண்ணிட்டு, நேரா கீழ பாத்து மெதுவா ஒரே சீரா இழுக்கணும். இங்க தான் பாதி பேர் தப்பு பண்றாங்க. முதல் அசைவுல தராசு எகிறும், அத எழுதக் கூடாது, நின்னுட்டு இருக்குற பொருள நகத்த எப்பவும் கூடுதலா பலம் வேணும், சுமை ஏறிட்டே இருக்கும்போது தராசுல நிலையா நிக்கிற நம்பர் தான் நமக்கு வேணும். வெடுக்குன்னு இழுத்தாலும் தப்பு, சாய்வா இழுத்தாலும் தப்பு. ஒவ்வொரு எடைக்கும் மூணு தடவ இழுத்து நடுவுல இருக்குறத எடுத்துக்கோங்க. சுமைக்கு கீழ யாரும் நிக்கக் கூடாது, சுமைய தரையில இருந்து ஒரு அடிக்கு மேல ஏத்த வேண்டிய அவசியமும் இல்ல, பிளாக் மேல எழுதியிருக்குற டன்ன தாண்டி ஒரு கிலோ கூட போடாதீங்க.

எங்களுக்கு கிடைச்சது இப்படி:

எடை 100 கிலோ, இழுப்பு 5.2 கிலோ, எம்ஏ 19.2, எஃபிஷியன்சி 45.8%
எடை 200, இழுப்பு 7.9, எம்ஏ 25.3, எஃபிஷியன்சி 60.3%
எடை 300, இழுப்பு 11.1, எம்ஏ 27.0, எஃபிஷியன்சி 64.4%
எடை 400, இழுப்பு 13.9, எம்ஏ 28.8, எஃபிஷியன்சி 68.5%
எடை 500, இழுப்பு 17.0, எம்ஏ 29.4, எஃபிஷியன்சி 70.0%

இத பாத்ததும் அந்த பொண்ணு கேட்டுச்சு, "எடை ஏற ஏற மெஷின் கஷ்டப்படணும் தானே அண்ணா, எஃபிஷியன்சி ஏன் கூடுது?" ரொம்ப சரியான கேள்வி, இந்த சாப்டரோட உயிரே அங்க தான் இருக்கு. கொக்கியில ஒண்ணுமே மாட்டாம வெறும் செயின இழுத்தாலும் கொஞ்சம் பலம் வேணும்ல, பேரிங் உரசல், கியர் உரசல், கிரீஸோட பிசுபிசுப்பு, இதெல்லாம் ஒரு நிலையான வாடகை மாதிரி. 100 கிலோ தூக்குனாலும் அந்த வாடகை குடுக்கணும், 500 கிலோ தூக்குனாலும் அதே வாடகை தான். கொஞ்சமா தூக்குறப்ப அது பெரிய பங்கா தெரியுது, நிறைய தூக்குறப்ப சின்ன பங்கா கரைஞ்சு போகுது.

அந்த வாடகை எவ்ளோன்னு கண்டுபிடிக்கிறது தான் லா ஆஃப் மெஷின். கிராஃப் பேப்பர்ல படுக்கை கோட்டுல எடை, நிக்கிற கோட்டுல இழுப்பு, அஞ்சு புள்ளியும் வைங்க, ஸ்கேல வச்சு எல்லா புள்ளிக்கும் நடுவுல போற மாதிரி ஒரே ஒரு நேர்கோடு போடுங்க, புள்ளிக்கு புள்ளி கோணல் மாணலா இணைக்கக் கூடாது. எங்க கோடு 100 கிலோவுக்கு 5, 500 கிலோவுக்கு 17ல போச்சு. சரிவு கண்டுபிடிக்கும்போது அளந்த புள்ளிய எடுக்காம கோட்டு மேல நல்லா தள்ளி இருக்குற ரெண்டு இடத்த எடுக்கணும்: (17 − 5) ÷ (500 − 100) = 12 ÷ 400 = 0.03. இது எம். எடை சைபர்ல கோடு நிக்கிற கோட்ட வெட்டுற எடம் 2 கிலோ, இது சி, நாம சொன்ன வாடகை. ஆக இந்த பிளாக்கோட சட்டம்:

இழுப்பு = 0.03 × எடை + 2

இத வச்சுட்டா தூக்காமலே சொல்லலாம். முழு 1000 கிலோ மாட்டினா இழுப்பு 30 + 2 = 32 கிலோ, எம்ஏ 31.25, எஃபிஷியன்சி 74.4%. மேல சொன்ன 292 கிலோ ஸ்லாப்புக்கு 10.8 கிலோ இழுத்தா போதும், ஒரு ஆள் சாதாரணமா செய்யலாம். எம்ஏ எவ்ளோ தான் கூடும்னு கேட்டா, எடைய ரொம்ப ரொம்ப பெருசாக்கிட்டா அந்த 2 கிலோவ கண்டுக்கவே வேணாம், எம்ஏ 1 ÷ எம்ல போய் முட்டும், 1 ÷ 0.03 = 33.3. அத விஆரால வகுத்தா அதிகபட்ச எஃபிஷியன்சி 79.4%. இத தாண்டி இந்த பிளாக் போகாது, கிட்ட கிட்ட போகும், தொடாது. பரிட்சைல அதிகபட்ச எஃபிஷியன்சின்னு கேட்டா 1 ÷ (எம் × விஆர்)னு எழுதுறது இது தான்.

உரசலால எவ்ளோ போச்சுன்னு ரெண்டு விதமா கேப்பாங்க. உரசலே இல்லைன்னா 500 கிலோவுக்கு இழுப்பு 500 ÷ 42 = 11.9 கிலோ போதும், நிஜத்துல 17, அப்ப 5.1 கிலோ இழுப்பு உரசலுக்கே போச்சு. இன்னொரு விதம், 17 கிலோ இழுப்புக்கு உரசல் இல்லாத மெஷின் 17 × 42 = 714 கிலோ தூக்கியிருக்கணும், தூக்கினது 500, 214 கிலோ போச்சு. ரெண்டும் ஒரே இழப்பு தான், ஒண்ண நம்ம கைப்பக்கம் நின்னு பாக்குறோம், இன்னொண்ண கொக்கிப்பக்கம் நின்னு பாக்குறோம்.

கிணத்து ராட்டினத்துக்கும் இதே கணக்கு தான். மேல கட்டி நிக்கிற ஒத்த உருளைக்கு விஆர் 1, கயிறு ஒரு அடி இழுத்தா குடம் ஒரு அடி ஏறும், 15 கிலோ தண்ணிக்கு 17 கிலோ இழுக்க வேண்டி வந்தா எம்ஏ 0.88, எஃபிஷியன்சி 88%. எம்ஏ ஒண்ணுக்கு கீழ வந்துட்டா கணக்கு தப்புன்னு பசங்க பயப்படுறாங்க, தப்பே இல்ல, அந்த உருளை பலத்த மிச்சம் பண்ண வைக்கல, மேல பாத்து தூக்குறத கீழ பாத்து இழுக்குறதா மாத்த வச்சிருக்கு. எங்க தாத்தா காலத்துல மாடு கட்டி தண்ணி இறைச்ச கவலையும் அப்படித்தான், மாடு சரிவுல எறங்கி நடக்கும், அதோட சொந்த எடையும் சேந்து இழுக்கும், உருளைல எந்த லாபமும் கிடையாது, லாபமெல்லாம் அந்த மண் சரிவுல. சுமையோட சேந்து ஏறுற உருளை ஒண்ணு போட்டா விஆர் 2 ஆகும், 40 கிலோவுக்கு 23 கிலோ இழுத்தா எம்ஏ 1.74, எஃபிஷியன்சி 87%. இங்க ஏறுற உருளையோட சொந்த எடைய எடைல சேக்கக் கூடாது, நமக்கு வேண்டிய சுமை மட்டும் தான் எடை, உருளைய தூக்குன வேலை நஷ்டத்துல தான் வரும்.

இப்ப விஞ்ச். இத கொஞ்சம் நிதானமா சொல்லணும். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் திறந்த கிணத்துல சப்மெர்சிபிள் மோட்டர் தூக்க முக்காலி நட்டு கைவிஞ்ச் வைக்கிறது வழக்கம். அதுல விஆர் ரெண்டு படியா வரும். ஹேண்டில் ஒரு சுத்து சுத்துனா கை போற வட்டம் ஹேண்டில் நீளத்த வச்சு, டிரம் சுத்துற கயிறு டிரம் விட்டத்த வச்சு, நடுவுல கியர் வேகத்த குறைக்குது. ஹேண்டில் 40 செமீ, டிரம் விட்டம் 15 செமீ, கயிறு தடிமன் 1 செமீ, சின்ன கியர் 15 பல்லு, பெரிய கியர் 75 பல்லுன்னு வைங்க. கயிறோட நடு கோட்ட கணக்குல எடுக்கணும்ங்கிறதால டிரம் விட்டம் 15 + 1 = 16. விஆர் = (2 × 40 ÷ 16) × (75 ÷ 15) = 5 × 5 = 25. ரெட்டை கியர் விஞ்ச்னா இன்னொரு ஜோடி பல்லு விகிதத்தால பெருக்கணும், அவ்ளோ தான் வித்தியாசம்.

ஒண்ணு கவனிங்க, கயிறு டிரம்ல முதல் அடுக்கு முடிஞ்சு ரெண்டாவது அடுக்கு மேல ஏறினா விட்டம் 18 ஆயிடும், விஆர் 22.2க்கு எறங்கிடும். மோட்டர் மேல வர வர கை பாரமா தெரியுதுன்னு சொல்வாங்களே, அசதி மட்டும் காரணம் இல்ல, இதுவும் ஒண்ணு. விஆர் மாறாதுன்னு மேல சொன்னேன், டிரம் உடம்பே பெருசாகுறதால இங்க மாறுது.

எங்க சித்தப்பா கிணத்துல மோட்டரும் பைப்பும் சேத்து 200 கிலோ, ஹேண்டில் நுனியில 12 கிலோ குடுத்தா ஏறுச்சு. எம்ஏ 16.7, எஃபிஷியன்சி 66.7%. ரொம்ப நல்ல விஞ்ச்னு தான் எல்லாரும் சொன்னோம். பாதி தூக்கிட்டு பீடி பத்த வைக்கணும்னு சித்தப்பா கைய எடுத்தாரு, ரேட்செட்ட (ஒரு பக்கமா மட்டும் சுத்த விடுற பல்சக்கரம்) தடுக்குற நாக்கு தேஞ்சு போயி சரியா விழல, 200 கிலோவும் கீழ எறங்க ஹேண்டில் பின்பக்கமா சுழண்டு அவர் மணிக்கட்டுல அடிச்சு எலும்பு விட்டுப் போச்சு. ஆறு வாரம் கட்டு. அந்த கை இன்னைக்கும் முழுசா மடங்காது. அப்ப நான் டிப்ளமோ முடிச்சு ஒரு வருசம் ஆகியிருந்துச்சு, ரிவர்சிபிள் மெஷின்னு, அதாவது கைய எடுத்தா சுமை தானா கீழ எறங்கிடுற மெஷின்னு, பரிட்சைல ரெண்டு மார்க்குக்கு எழுதினவன் தான், ஆனா அந்த 66.7க்கு இப்படி ஒரு அர்த்தம் இருக்குன்னு கிணத்தடில எனக்கு தோணவே இல்ல.

கணக்கு இது தான். நாம 100 பங்கு வேலை போட்டா சுமைக்கு 66.7 பங்கு போகுது, உரசலுக்கு 33.3 பங்கு. கைய எடுத்துட்டா சுமை தன்னோட 66.7 பங்க வச்சு கீழ எறங்கப் பாக்கும், அத தடுக்க உரசல் கிட்ட 33.3 பங்கு தான் இருக்கு, தோத்துடும், சுமை எறங்கிடும். அதுவே எஃபிஷியன்சி 40%னா சுமை கிட்ட 40, உரசல் கிட்ட 60, உரசல் ஜெயிக்கும், சுமை விட்ட எடத்துலயே நிக்கும். சரிபாதி 50% தான் எல்லை. 50க்கு மேல போனா ரிவர்சிபிள், கீழ இருந்தா செல்ஃப் லாக்கிங். எறங்கும்போதும் உரசல் அதே அளவு இருக்கும்னு எடுத்துக்கிட்டு போடுற கணக்கு இது, நிஜத்துல கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும், அதனால 45, 48ன்னு வந்தா தானா நிக்கும்னு நம்பி கைய எடுக்காதீங்க. இன்னொண்ணு, எங்க பிளாக் லிஸ்ட்ட பாருங்க, 100 கிலோவுல 45.8%, 200 கிலோவுல 60.3%. லேசான சுமைய வச்சு சோதிச்சுட்டு நிக்குதுன்னு முடிவு பண்ணா பெரிய சுமைல ஏமாந்துடுவோம், எப்பவும் நிஜமா தூக்கப்போற எடைக்கு தான் பாக்கணும்.

அப்ப 70% இருக்குற செயின் பிளாக்ல சுமை எப்படி நிக்குதுன்னா, உள்ள ஒரு பிரேக் இருக்கு, உரசல் தட்டும் ரேட்செட்டும் சேந்தது, சுமையோட எடையே அந்த தட்ட இறுக்கிப் புடிக்கும், எறக்க நாம செயின எதிர்பக்கம் இழுத்தா தான் விடும். கியர நல்ல எஃபிஷியன்சியோட செஞ்சுட்டு புடிக்கிற வேலைய தனியா பிரேக்குக்கு குடுத்துட்டாங்க. அதனால கிரீஸ் போடும்போது அந்த தட்டுல மட்டும் எண்ணெயோ கிரீஸோ படவே கூடாது.

ஜாக்கி அதுக்கு நேர் எதிர். திருகு ஜாக்கில ஹேண்டில் ஒரு சுத்து சுத்துனா சுமை ஒரு பிட்ச் தான் ஏறும், பிட்ச்னா ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் நடுவுல இருக்குற தூரம். ஹேண்டில் 60 செமீ, பிட்ச் 1 செமீன்னா விஆர் = 2 × 3.14 × 60 ÷ 1 = 377. 2000 கிலோ ட்ரெய்லர் ஓரத்த தூக்க நுனியில 25 கிலோ குடுக்குறோம்னா எம்ஏ 80, எஃபிஷியன்சி 21% தான். உரசலே இல்லைன்னா 5.3 கிலோ போதும், மீதி 19.7 கிலோ மரைக்கு மரை தேயுறதுக்கே போகுது. கேக்க வீணா தெரியும், ஆனா ட்ரெய்லர் அடியில வீல் மாத்துறவனுக்கு அந்த வீணா போற பங்கு தான் காவல், ஹேண்டில விட்டுட்டு போனாலும் ஜாக்கி எறங்காது. ஏரி மதகுல கைச்சக்கரம் வச்ச திருகு கம்பி இருக்கே, அதுவும் இதே ஜாதி, பாதி தூக்கி விட்டா ஷட்டர் பாதிலயே நிக்கும், கட்டி வைக்க வேண்டியதில்ல. மரை ரெட்டை ஓட்டமா இருந்தா ஒரு சுத்துக்கு ரெண்டு பிட்ச் ஏறும், விஆர் பாதியாயிடும், அத மறந்துடாதீங்க.

புக்ல வர்ற மத்த மெஷினெல்லாம் சீக்கிரமா சொல்லிடுறேன், எல்லாத்தையும் ஒரு சுத்து சுத்தி பாத்து நீங்களே வரவைக்கலாம். சாதா வீல் ஆண்ட் ஆக்ஸில், அதாவது ஒரே அச்சுல பெரிய சக்கரமும் சின்ன உருளையும் சேந்து சுத்துறதுன்னா, பெரிய விட்டம் ÷ சின்ன விட்டம். டிஃபரன்ஷியல் வீல் ஆண்ட் ஆக்ஸில்ல கயிறு ஒரு ஆக்ஸில்ல சுத்தும் இன்னொண்ணுல அவிழும், வித்தியாசத்துல பாதி தான் சுமை ஏறும், அதனால 2 × பெரிய வீல் விட்டம் ÷ (ரெண்டு ஆக்ஸில் விட்டத்தோட வித்தியாசம்). வெஸ்டன் டிஃபரன்ஷியல் பிளாக்கும் அதே யோசனை தான், 1854ல வெஸ்டன் செஞ்சது, மேல ஒண்ணா சுத்துற ரெண்டு சக்கரம், ஒண்ணுல 15 பல்லு ஒண்ணுல 14ன்னா விஆர் = 2 × 15 ÷ (15 − 14) = 30. வித்தியாசம் சின்னதா ஆக ஆக விஆர் எகிறும், ஆனா எஃபிஷியன்சி பெரும்பாலும் 50க்கு கீழ தான் நிக்கும், அதனால தனி பிரேக் இல்லாமலே சுமைய புடிச்சுக்கும். வார்ம் கியர்னா வார்ம் (திருகு மாதிரி மரை உள்ள தண்டு) ஒரு சுத்துக்கு பல்சக்கரம் ஒரு பல்லு நகரும், ஹேண்டில் நீளம் × பல்லு எண்ணிக்கை ÷ டிரம் ஆரம், இது ஒத்த ஓட்ட வார்முக்கு. உருளைக் கூட்டத்துல கீழ் பிளாக்க எத்தன கயிறு தாங்குதோ அது தான் விஆர், எண்ணிட்டா போதும். ரெண்டு டன் செயின் பிளாக்ல கொக்கிய ரெண்டு செயின் தாங்குறத பாத்திருப்பீங்க, அதே உள் கியருக்கு விஆர் ரெட்டிப்பாகுறது அதனால தான்.

பரிட்சைல வழக்கமா வர்ற மாதிரி ஒண்ணு போட்டுப் பாப்போம். விஆர் 30, 600 நியூட்டன் தூக்க 40 நியூட்டன், 1500 நியூட்டன் தூக்க 85 நியூட்டன் வேணும், 1000 நியூட்டனுக்கு எவ்ளோ, ரிவர்சிபிளான்னு கேள்வி. எம் = (85 − 40) ÷ (1500 − 600) = 45 ÷ 900 = 0.05. சி = 40 − 0.05 × 600 = 10. 1000க்கு இழுப்பு 60, எம்ஏ 16.67, எஃபிஷியன்சி 55.6%, ரிவர்சிபிள். அதிகபட்ச எம்ஏ 20, அதிகபட்ச எஃபிஷியன்சி 66.7%. இதே மெஷின் 600ல சரியா 50%ல நிக்குது பாருங்க, அதனால எந்த எடைக்குன்னு சொல்லாம ரிவர்சிபிள்னு மட்டும் எழுதினா பதில் அரைகுறை. கிலோவுல அளந்தத நியூட்டனுக்கு மாத்தணும்னா 9.81ஆல பெருக்குங்க, எம், எம்ஏ, எஃபிஷியன்சி எதுவும் மாறாது, சி மட்டும் மாறும், எங்க பிளாக்கோட 2 கிலோ 19.6 நியூட்டன் ஆயிடும். எஃபிஷியன்சி 100க்கு மேல வந்துச்சுன்னா எங்கயோ விட்டத்துக்கு பதிலா ஆரம் போட்டிருக்கீங்க, இல்ல மில்லிமீட்டரையும் செமீயையும் கலந்திருக்கீங்க, முதல்ல அத தேடுங்க.

யூனிட்டோ கிணறோ வச்சிருக்குறவங்களுக்கு நான் சொல்றது, மெஷின் புதுசா இருக்கும்போதே அஞ்சு எடைக்கு இழுப்பு அளந்து ஒரு அட்டைல எழுதி ஆணில மாட்டி வைங்க. வருசத்துக்கு ஒரு தடவ அதே தராசுல அதே எடைக்கு திரும்ப அளங்க. சும்மா செயின இழுக்கும்போதே பாரமா இருந்தா, அதாவது சி கூடியிருந்தா, அனேகமா பேரிங்கோ காஞ்சு போன கிரீஸோ தான். சி அப்படியே இருந்து எம் மட்டும் கூடியிருந்தா சுமை ஏற ஏற உரசல் கூடுது, கியர் பல்லையும் சுமைச் செயினையும் பாக்கணும். ரேட்செட் நாக்க மட்டும் வருசத்துக்கு காத்திருக்காம ஒவ்வொரு தடவ மோட்டர் தூக்குறதுக்கு முன்னாடியும் கையால தூக்கி விட்டு டக்குன்னு பல்லுல விழுதான்னு பாருங்க. அட்டைல 500க்கு 17ன்னு இருந்து இப்ப 21 வந்துச்சுன்னா, பிளாக்க கழட்டி பாக்காம அடுத்த சுமைய மாட்டாதீங்க.